கேஷ் வேறு, காசு வேறு: சொல்வேர் தேடுவோர் சறுக்கும் இடங்கள்

‘காசுதான் ஆங்கிலத்தில் கேஷ் ஆயிற்று’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பாதி உண்மை. எந்தப் பாதி என்று பார்க்காமல் பகிர்வதில்தான் முதல் தவறு. ஆங்கிலத்தில் கேஷ் என ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு. பெரிய அகராதிகள் இரண்டையும் தனித்தனியாகவே தருகின்றன.

கடையில் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கும் கேஷ், லத்தீன் ‘காப்ஸா’வின் வழி வந்தது. காப்ஸா என்றால் பெட்டி. இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது; போகப்போகப் பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கே நின்றுவிட்டது. மருந்துக்கடை கேப்ஸ்யூலும் மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸும் இதற்குப் பங்காளிகள். காசுக்குத் தமிழில் பெட்டி என்ற பொருள் கிடையாது. வழக்கு அங்கேயே முடிந்தது.

‘கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) தொடங்கியதே 1600இல், சொல்லோ அதற்கு முந்தியது’ என்று ஆண்டைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அது வலுவில்லாத வாதம்: போர்ச்சுகீசியர் 1498லேயே கோழிக்கோட்டில் இறங்கிவிட்டார்கள். பொருளைக் காட்டித்தான் மறுக்க வேண்டும்.

இன்னொரு கேஷ் நம்முடையது. காசு என்பதைப் போர்ச்சுகீசியர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி ‘காய்ஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் காய்ஷா என்றால் பெட்டி. அதுவும் காப்ஸாவின் பிள்ளைதான்! முடிச்சு விழுந்தது இங்கே. அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர் அந்தச் சின்ன நாணயத்தைக் கேஷ் என்று எழுதினார்கள். சென்னையில் கும்பினிக் கணக்குப்படி 80 காசு ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் ‘வராகன்’ என்ற ஒரு பொன் நாணயம். ஆக வராகனுக்கு 3,360 காசு. 1808ஆம் ஆண்டு பொறித்த கும்பினியின் செம்பு நாணயங்களில் ‘10 கேஷ்’, ‘20 கேஷ்’ என்று ரோமன் எண்ணோடு இருக்கும். இங்கிலாந்திலிருந்து அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809இல் அந்நாட்டுக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. கடலடியிலிருந்து எடுத்தவை இன்றும் சேகரிப்பாளர்களிடம் கைமாறுகின்றன. திருவிதாங்கூரிலும் அன்று 16 காசு ‘சக்கரம்’ என்ற ஒரு நாணயம்.

நடுவில் சதுர ஓட்டையுள்ள சீன நாணயத்தையும் ஆங்கிலத்தில் கேஷ் என்பார்கள். அதைச் சீனச் சொல் என்று நினைப்பது எதிர்ப்பக்கத் தவறு. அதுவும் நம் காசுதான், கப்பலேறிப் போனது.

ஒலியை மட்டும் நம்பினால் இன்னும் சில குழிகள் உண்டு. முந்திரியைக் குறிக்கும் ‘கேஷ்யூ’ பிரேசிலின் துப்பி மொழியில் பிறந்தது. கணினியில் அழிக்கச் சொல்லும் ‘கேஷ்’, ஒளித்துவை என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. பணம் வாங்கும் கேஷியர் பெட்டிக் குடும்பம். ஆனால் படை அதிகாரியை அவமானப்படுத்தி நீக்குவதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல்லுக்கு அதோடு உறவே இல்லை.

ஒரு சொல்லைத் தமிழ் என்று உரிமை கொண்டாடுமுன் அதன் ஆகப் பழைய பொருளைப் பாருங்கள், பிறகு அது எந்த மொழி வழியாகக் கடந்தது என்று பாருங்கள். இரண்டும் பொருந்த வேண்டும். ‘கேட்டமரான்’ இன்று இரட்டை உடல் படகு. ஆங்கிலத்தில் முதலில் குறித்ததோ சோழமண்டலக் கரையில் மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவையை. கட்டுமரம் சோதனையில் தேறிவிடுகிறது.