வேற்றுக்கிரகவாசியைக் கடைமடையில் இறக்குவது எப்படி

காவிரி டெல்டாவில் அறிவியல் புனைகதை எழுத உட்காருபவர்களில் பலர் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு மேலே ஒரு பறக்கும் தட்டை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார்கள். அதை விடுங்கள். வந்த உயிருக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு தேவை போதும். கண் எத்தனை, தோல் என்ன நிறம் என்பதெல்லாம் அதிலிருந்து வரட்டும்.

உப்பை எடுத்துக்கொள்வோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் பாதியாவது இருந்தால்தான் இந்த உயிர் மூச்சுவிடும் என்று வையுங்கள். அப்போது அது கல்லணைப் பக்கம் இறங்காது. கடலையொட்டிய வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம்தான் இறங்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். மூடிய பிறகு ஆற்றில் வரத்து குறையும், முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும். அதை மறிக்கத்தான் கடைமடையில், அதாவது பாசனம் முடியும் கடைசிப் பகுதியில், ரெகுலேட்டர்கள் (ஏற்றி இறக்கும் ஷட்டர் வைத்த மதகுகள்) கட்டியிருக்கிறார்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் மகசூல் இறங்கத் தொடங்கும். ஆக, வந்தவருக்கு ஷட்டர் தூக்கியிருக்க வேண்டும், விவசாயிக்கு இறங்கியிருக்க வேண்டும். இருவர் மேலும் தப்பில்லை. கதைக்கு அரசியல் கிடைத்துவிட்டது. முதலமைச்சரும் ஐ.நா. சபையும் இன்னும் வரவில்லை, வரவும் வேண்டாம். கதைக் காலத்தை மட்டும் கவனமாக வையுங்கள்: ஏப்ரல், மே என்றால் உப்பு ஏறும், வடகிழக்குப் பருவமழை கொட்டும் நவம்பரில் வைத்தால் மேலே சொன்ன சிக்கலே எழாது.

அடுத்து, அந்த ஷட்டர் யார் கையில்? மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கர் கையில். இங்கே நிதானமாக எழுதுங்கள். பல்சக்கரத்தில் கிரீஸ் காய்ந்து மண் அப்பியிருக்கும். கைப்பிடியை இரண்டு பேர் மூச்சுப்பிடித்துச் சுற்றினால் பலகை விரற்கடை விரற்கடையாக எழும். வந்த உயிரின் கை வழவழப்பானது, இரும்பைப் பற்றாது என்று வைத்தால் அதற்கு மனிதத் துணை வேண்டியிருக்கும். யார் போவார், எதற்காகப் போவார் என்பதில்தான் கதை இருக்கிறது.

அதிகம் கெடுவதும் இந்த இடத்தில்தான். ‘ஊர் மக்கள் திரண்டனர்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். ஊர் அப்படி ஒன்றாக இல்லை. உப்பு ஏறினால் நிலக்காரருக்கு நிலத்தின் விலை போகும், குத்தகைக்காரருக்கு அந்த வருடச் சாகுபடி போகும், நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அன்றாடக் கூலி போகும். இறால் பண்ணைக்காரருக்கோ லாபம். இந்தச் சண்டை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, பாரம்பரிய முறை அல்லாத இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கும் முன்னால், 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இது தெரிந்த வாசகருக்குத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்.

அதனால் வேற்றுக்கிரகவாசியை ஒடுக்கப்பட்டவரின் உருவகமாக நிறுத்தாதீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்வார்கள், ஆனால் விளைவு நேர்மாறு. உடலால் உண்மையிலேயே வேறான ஒன்றை, மனிதர்களே கட்டிவிட்ட வேற்றுமைக்கு ஈடாக வைத்தால் அந்த வேற்றுமை இயற்கையானது என்று ஆகிவிடும். சாதிவாரியான தெருக்களை அப்படியே பிரித்து வையுங்கள். வந்த உயிர் கரையில் விட்டுப்போன கழிவை அள்ள எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு காட்சி எழுதுங்கள், உருவகம் செய்யாததை அது செய்யும்.

பேச்சு விஷயம். மூன்றாம் பக்கத்திலேயே அது தமிழ் பேசினாலோ, மனத்தோடு மனம் பேசினாலோ பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. ரெகுலேட்டர் சுவரில் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் இருக்குமே, அதைப் பயன்படுத்துங்கள். வந்த உயிர் ஒரு கோட்டைத் தொடுகிறது, லஸ்கர் அதற்குக் கீழே ஒரு கோட்டைக் காட்டுகிறார். முதல் ஒப்பந்தத்துக்கு இவ்வளவு போதும். அந்தக் கோடு உயரத்தைக் குறிக்கிறதா, நாளைக் குறிக்கிறதா என்பதில் இருவரும் தவறாகப் புரிந்துகொள்ளட்டும்.

3,000 சொல் கதையில் இறங்கும் காட்சிக்கு 200 சொல்லுக்கு மேல் செலவழிக்காதீர்கள். ஷட்டருக்கும் பேரத்துக்கும் பாதிக் கதையை ஒதுக்குங்கள். காகிதத்துக்கும் இடம் விடுங்கள்: விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு, வி.ஏ.ஓ. கையில் அடங்கல் என்ற பயிர்க் கணக்கேடு. பயிர் என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதுவார்? (சிரிப்பு வரும் இடம், வரட்டும்.)

முடித்ததும், வேற்றுக்கிரகவாசி வரும் இடத்தில் எல்லாம் ‘இறால் பண்ணைக்காரர்’ என்று மாற்றி வாசியுங்கள். கதை தடங்காமல் ஓடினால் நீங்கள் எழுதியது இறால் பண்ணைக் கதை. மறுபடி உடலிடம் போங்கள். பண்ணைக்காரரால் முடியாத ஒன்றை அதற்குக் கொடுங்கள். ஒரு பசலி (வருவாய்த்துறைக் கணக்கில் ஓராண்டு) அதற்கு ஒரே மூச்சு என்று வைத்துப் பாருங்கள்: ஓராண்டுக் குத்தகை என்றால் என்னவென்றே அதற்கு விளங்காது, பேரக் காட்சியை முதலிலிருந்து எழுத வேண்டிவரும்.