பெயர்ப் பலகைக்கு என்ன அவசரம்? மருத்துவ உளவியலாளர் ஆக நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் என் தொலைபேசி ஓய்வதில்லை. குடியாத்தத்திலிருந்து ஒரு தந்தை, ஆற்காட்டிலிருந்து ஒரு சித்தி, திருப்பத்தூரிலிருந்து பிள்ளையே நேரடியாக. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மனநல டாக்டர் ஆக வேண்டும், ஆனால் பயாலஜி எடுக்கவில்லை. முடியுமா?"

குழப்பம் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் உளவியல் வழியாக வருகிறவர். அவர் சோதனைகள் செய்வார், உளவியல் சிகிச்சை அளிப்பார், மருந்து மட்டும் எழுத மாட்டார். இளநிலை உளவியலுக்குப் பல கல்லூரிகள் எந்தப் பிரிவு மாணவரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே பயாலஜி இல்லாததற்காக அழ வேண்டாம். நீட் எழுதித் தோற்றதால் "அடுத்ததாவது இது" என்று வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. மூன்றாம் ஆண்டிலும் அவர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த தவறு பெரியது. முதுகலை முடித்த மறுமாதமே வாசலில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்டிவிடுவது. வேலூரில் பஸ்ஸில் போகும்போது இப்படிப்பட்ட பலகை கண்ணில் பட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, அந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (அபராதத் தொகை ஆம்பூரில் நான்கு பேர் பிரியாணி சாப்பிடும் காசு. அதனால்தானோ என்னவோ, யாரும் அஞ்சுவதாகத் தெரியவில்லை.) 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுத்திருக்கிறது. கவுன்சில் ஏற்றுக்கொண்ட நிறுவனத்தில் பெற்ற மருத்துவ உளவியல் தகுதி வேண்டும்; அல்லது முதுகலைக்குப் பின் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும். கவுன்சில் ஏற்காத வெறும் எம்.எஸ்சி. போதாது. மூன்று மாத ஆலோசனைச் சான்றிதழைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

பழைய காணொளியையும் சீனியர் அக்காவின் அறிவுரையையும் நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதும் இப்போது ஆபத்து. எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2022இல் நிறுத்தியது. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்குக் கிடைத்தது. அதற்கு மாற்றாகப் புதிய படிப்புகள் வரத் தொடங்கியிருக்கின்றன. உளவியலைத் தொலைதூரக் கல்வியில் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தடையும் வந்துவிட்டது. ஆகவே கல்லூரி அச்சடித்துக் கொடுக்கும் வண்ணக் கையேட்டை மூடி வையுங்கள். கவுன்சிலின் இணையதளத்தைத் திறந்து, நீங்கள் சேரும் ஆண்டில், சேரப்போகும் அதே படிப்புக்கு, அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "அனுமதி வந்துகொண்டிருக்கிறது" என்று யாராவது சொன்னால், வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம்.

இடங்கள் குறைவு, போட்டி அதிகம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு ஓராண்டு காத்திருக்காதீர்கள். ராஞ்சியில் உள்ள மத்திய மனநல நிறுவனத்தைத் தொலைவு என்று ஒதுக்கவும் வேண்டாம்.

"நண்பர்கள் எல்லோரும் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள், எனக்கு இது சரிவரும்" என்று பலர் சொல்கிறார்கள். நல்ல குணம்தான். ஆனால் பயிற்சியில் பாதி நேரம் எழுத்து வேலை. நோய் வரலாறு, சோதனை, மதிப்பெண், அறிக்கை. ஓர் அறிக்கையை, பயிற்சியை மேற்பார்வையிடும் வழிகாட்டி நான்கு முறை திருப்பி அனுப்புவார். அந்த எழுத்தில் ஒரு பிசகு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பயிற்சிக் காலத்தில் ஆந்திர எல்லையோரக் கிராமத்திலிருந்து ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார்கள். பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். தமிழில் கேள்வி கேட்டேன், பதில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சுழியம் போட்டேன். பிறகு, பேசாமலே அறிவுத்திறனைச் சோதிக்க உதவும் செகுவின் பலகையை எடுத்தேன். மரப்பலகையில் பத்து வடிவக் குழிகள். வட்டம், நட்சத்திரம், சிலுவை எனப் பத்துக் கட்டைகளை அவற்றில் பொருத்த வேண்டும். மூன்று முறை செய்யச் சொல்லி, மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். பையன் கட்டைகளைத் தடதடவென்று பொருத்திவிட்டு அடுத்தது எங்கே என்பதுபோல என்னைப் பார்த்தான். நான் நேரத்தைக் குறித்தேனே தவிர, அந்தப் பார்வையைக் கவனிக்கவில்லை. அறிவுத்திறன் குறைவு என்றே எழுதிக் கொடுத்தேன்.

வழிகாட்டி அறிக்கையைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வீட்டில் என்ன மொழி?"

தெலுங்கு. நான் கேட்கவே இல்லை. மறுநாள் தெலுங்கு தெரிந்த செவிலியர் ஒருவர் பக்கத்தில் உட்கார, அதே பையன் எங்கள் இருவரையும் பேசவிடவில்லை. அந்த முதல் தாள் கையெழுத்தாகி வெளியே போயிருந்தால், ஊனமுற்றோர் சான்றிதழ் வரைக்கும் போயிருக்கும்.

பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் தொழிலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்று நினைப்பதை நான் தவறுகளில் முதல் வரிசையில் வைப்பேன். 'டிப்ரஷன்' என்று சொல்லிக்கொண்டு இங்கே யார் வருகிறார்கள்? நெஞ்சு படபடக்கிறது, தலை எரிகிறது, சோறு இறங்கவில்லை, காற்று கருப்பு பட்டிருக்குமோ என்றுதான் வருவார்கள். அதுவும் தனியாக வருவதில்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் நோயாளியுடன் வீட்டாரும் தங்கும் முறை 1950களிலிருந்தே இருக்கிறது. அறைக்குள் இருவர் மட்டும் உட்கார்ந்து மெல்லப் பேசும் காட்சியை எதிர்பார்த்து வருகிறவருக்கு, மாமியாரும் அண்ணனும் ஒரே நேரத்தில் பேசும்போது பேனா நின்றுவிடும்.

போன மாதம் வாணியம்பாடியிலிருந்து ஒரு பெண் விண்ணப்பப் படிவத்தைச் சரிபார்க்கக் கொண்டுவந்தாள். 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று எழுதியிருந்தாள். வாசலில் நின்ற அவள் அம்மா தொலைபேசியில் யாரிடமோ உருதுவில் பேசிக்கொண்டிருந்தார். "அது வீட்டில் பேசுவதுதானே சார், அதையும் எழுதலாமா?" என்று கேட்டாள். பேனாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.