சின்ன உலை கட்டினால் மருத்துவ ஐசோடோப்பு கிடைத்துவிடுமா?

கொழும்பில் அணுசக்தி பற்றிப் பேச்செடுத்தாலே, "மின்சாரத்தை விடுங்கள், ஸ்கேனுக்கு வேண்டிய ஐசோடோப்பையாவது சின்ன உலையில் நாமே செய்யலாமே" என்று ஒருவர் சொல்வார். நியாயமான ஆசைதான். ஸ்கேனில் உறுப்பைக் காட்டும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம், மொலிப்டினம்-99 சிதையும்போது உருவாகிறது; அந்த மொலிப்டினத்தை அடைத்து வரும் 'ஜெனரேட்டர்' என்ற சிறு கலங்களுக்கு நாம் வெளிநாட்டைத்தான் நம்பியிருக்கிறோம். ஆனால் கணக்கு பிழையாவது பெரும்பாலும் உலைக்கு வெளியே.

உலை சிறியதென்றால் அனுமதியும் இலகுவாகக் கிடைக்கும் என்று நினைப்பது முதல் தவறு; சின்ன உலையும் பாதுகாப்பானது என்று காட்டித்தான் ஆக வேண்டும். கனடா சோக் ரிவரில் ஐசோடோப்புக்கென்றே 10 மெகாவாட் அளவில் மேப்பிள் உலைகள் இரண்டைக் கட்டியது. சக்தி கூடும்போது உலை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் என்றது வடிவமைப்பு; சோதனையில் நேர்மாறாக வந்தது. பல வருடம் ஆராய்ந்தும் காரணத்தைத் தீர்க்க முடியாமல் 2008 மே மாதம் கைவிட்டார்கள். மறுவருடமே அங்கிருந்த பழைய என்ஆர்யு உலையும் கசிவால் நின்றது. உலகமே தட்டுப்பாட்டில் தவித்தது. அதனால் ஒற்றை உலையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அடுத்தது, உலையை மட்டும் விலை பேசுவது. யுரேனியம் நூறு தடவை பிளவுபட்டால் ஏறத்தாழ ஆறில்தான் மொலிப்டினம்-99 கிடைக்கும், மற்றது பெரும்பாலும் கழிவு. உலையில் கதிர்பட்ட யுரேனியத் தகட்டைத் தடித்த ஈயச் சுவருக்குப் பின்னால், இயந்திரக் கையால் கரைத்துப் பிரிக்க வேண்டும். 20 சதவீதத்துக்குக் குறைவாகச் செறிவூட்டிய (எளிதில் பிளவுபடும் வகையின் பங்கைக் கூட்டிய) யுரேனியம் ஆயுதத்துக்குத் திருடப்படும் ஆபத்தைக் குறைப்பதால் நல்லது, ஆனால் அதே அளவு மொலிப்டினத்துக்குக் கூடுதல் யுரேனியத்தைக் கரைக்க வேண்டும், கழிவும் கூடும். இப்படிக் கரைத்துப் பிரிக்கும் கூடத்துக்குத் தனி அனுமதிப்பத்திரம், கொண்டுபோகும் பெட்டிக்கு வேறொன்று. இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் ஒழுங்குபடுத்தும் வேலையைத் தனி அமைப்பிடம் கொடுத்திருக்கிறது. உலை கட்டுகிறவர் தனக்குத்தானே கையெழுத்துப் போட முடியாது. நோயாளியின் உடம்புக்குள் போவதால் மருந்துப் பதிவும் வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று அதைத் தள்ளிவைக்கக் கூடாது.

நேரத்தை மறப்பதுதான் ஆகப் பெரிய தவறு. மொலிப்டினத்தின் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 66 மணித்தியாலம். வெள்ளி மாலை 6 மணிக்கு வந்த ஜெனரேட்டர், நீண்ட விடுமுறையில் பூட்டிய அறைக்குள் கிடந்து திங்கள் நண்பகல் வெளியே வந்தால் பாதி போய்விட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதோ உள்ளூரில் செய்ததோ, இதில் வித்தியாசமில்லை. இந்தத் தொழிலில் "6 நாள் கியூரி" (கியூரி என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று அளப்பதும் இதனால்தான்: பிரித்தெடுத்த கூடத்தைவிட்டுப் புறப்பட்டு ஆறு நாள் கழித்து மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கு. அப்போது மிஞ்சுவது ஏறத்தாழ 22 சதவீதம். உலை விற்க வருகிறவர் ஒரு பெரிய எண்ணைக் காட்டினால், அது எந்த நேரத்து அளவு என்று முதலில் கேளுங்கள்.