சிவப்புச் செடி ரோஜா: தோட்டப்புற வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும் காரில் ஒரு ரோஜாச் செடியாவது இருக்கும். சுங்கை சிப்புட் வந்து சேரும்போது பத்து மொட்டு, மூன்று மாதம் கழித்து வெறும் குச்சி. 'நம்ம கைராசி அப்படி' என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில், பகலிலும் 25 டிகிரியைச் சுற்றியே இருக்கும் குளுமையில் வளர்ந்த செடி அது. நம் ஊரில் பகல் 32, 33 டிகிரி. இரவிலும் 23க்குக் கீழே இறங்குவது அரிது. ரோஜா வளர்ப்பில் முதல் தவறு செடியை வாங்கும்போதே நடந்துவிடுகிறது.

'கடினமான செடி, பராமரிப்பு தேவையில்லை' என்ற சீட்டைப் பார்த்து ஏமாறவும் கூடாது. உலகமெங்கும் பேர்பெற்ற 'நாக் அவுட்' என்ற சிவப்புச் செடி ரோஜாவை உருவாக்கியவர் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த வில்லியம் ராட்லர். 2000இல் அது விற்பனைக்கு வந்தது. உறைபனியைத் தாங்குவதும் கரும்புள்ளி நோயை எதிர்ப்பதும் அதன் பெருமை. உறைபனி நமக்கு வருவதே இல்லை. கரும்புள்ளியை எதிர்க்கும் செடி மற்ற இலைப்புள்ளி நோய்களையும் எதிர்க்கும் என்று சொல்ல முடியாது. நம் வெக்கையில் செர்க்கோஸ்போரா என்னும் இலைப்புள்ளி இந்த வகையையும் பிடிக்கும்.

அதனால் நம் ஊரில் ஐந்தாறு வருடம் வெயிலும் மழையும் பார்த்து நிற்கிற சிவப்பு ரோஜா யார் வீட்டு வேலியோரம் இருக்கிறது என்று பாருங்கள். அவர்களிடம் கேட்டு ஒரு குச்சி வாங்குவதுதான் நல்ல தேர்வு. பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனில் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம் வெட்டி, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, பாதிக் குச்சி மண்ணுக்குள் போகும்படி ஈர மணலும் எரித்த உமியும் கலந்த பாலிபேக்கில் நிழலில் வையுங்கள். வேர் விட நான்கு வாரம் போல ஆகும். நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

கடைச் செடிதான் என்றால், கொண்டுவந்த அன்றே முழு வெயிலில் நடாதீர்கள். இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருக்கட்டும். மனசு வராவிட்டாலும் முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். வேர் பிடிக்கிற நேரத்தில் பூவையும் சுமந்தால் செடி சீக்கிரம் களைத்துப்போகும்.

இடம்: நாளுக்கு ஆறு மணி நேர வெயில், முக்கியமாகக் காலை வெயில் வேண்டும். இரவு மழையில் நனைந்த இலை சீக்கிரம் காய்வது அதனால்தான். ரம்புத்தான் மரத்தடியும் கார் நிறுத்தும் கூரையின் ஓரமும் ஆகாது. செடிக்குச் செடி 90 சென்டிமீட்டர் விடுங்கள்; சிறியதாக இருக்கிறதே என்று நெருக்கி வைத்தால் ஒரு வருடத்தில் காற்றே புகாது.

மண்ணில்தான் பெரும்பாலான செடிகள் போகின்றன. நம் செம்மண் களிப்பானது, புளிப்பானது. கார அமில அளவு (pH) 5க்கும் கீழே இருப்பது சாதாரணம். ரோஜா கேட்பது 6 முதல் 6.5. புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரசைப் பிடித்து வைத்துக்கொள்வதால், எவ்வளவு உரம் போட்டாலும் செடி பசியோடுதான் நிற்கும். 45 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்தக் குழி ஒரு வாளி. அதற்குள் எவ்வளவு நல்ல மண்ணைக் கொட்டினாலும் அக்டோபர், நவம்பர் மழையில் வேர் அழுகும். அங்கே குழியை மூடிவிட்டுத் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் மேடு கட்டி நடுங்கள். கலவை: மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய ஆட்டுப் புழுக்கை ஒரு பங்கு, எரித்த உமியோ பருமணலோ ஒரு பங்கு. இதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு செடிக்கு 100 கிராம் டோலமைட் சுண்ணாம்பை மண்ணில் கலந்துவிடுங்கள். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலப்பது நிறையப் பேர் செய்கிற தவறு. அம்மோனியா கிளம்பி எருவின் சத்து காற்றோடு போய்விடும், இளவேரும் கருகும்.

அடுத்தது உரம். தோட்டத்தில் வேலை செய்பவர் வீட்டில் செம்பனை உரம் கொஞ்சமாவது கிடக்கும். அதை ரோஜாவுக்குப் போடாதீர்கள். பொட்டாஷ் என்று வரும் சிவப்பு உப்பில் குளோரைடு அதிகம். சாடிச் செடியின் இலை ஓரம் காய்ந்துவிடும். செம்பனைக்குப் போடும் போரேட் என்னும் போரான் உரம் இன்னும் ஆபத்து. செடிக்கு வேண்டிய போரானுக்கும் நஞ்சாகும் போரானுக்கும் இடைவெளி மிகச் சிறியது. யூரியா போட்டால் தண்டு குபுகுபுவென்று கிளம்பும். அந்தச் சதைப்பற்றான தளிரைத் தேடித்தான் அசுவினியும் இலைப்பேனும் வருகின்றன. 12:12:17:2 என்று மூட்டையில் போட்டிருக்கும் நீல நிறக் கலப்பு உரம் போதும். ஐந்து வாரத்துக்கு ஒரு முறை ஒரு மேசைக்கரண்டி, தண்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, ஈர மண்ணில். டீச் சக்கை கொட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாலும் சீனியும் கலந்த சக்கை எறும்பைக் கூப்பிடும், எறும்பு இருக்கும் இடத்தில் மாவுப்பூச்சி பெருகும்.

மருந்து அடிக்கும் பம்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வாசல் புல்லுக்குக் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி அடித்த அதே பம்பில், ஒரு தடவை தண்ணீர் ஊற்றி ஆட்டிவிட்டு, ரோஜாவுக்குப் பூச்சி மருந்து அடிப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த தளிர் வரும்போதுதான் தெரியும்: இலைகள் நூல் மாதிரி ஒடுங்கி, வெளுத்து, ஒரே கணுவில் துடைப்பக் கட்டையின் நுனிபோல் கொத்தாய் நிற்கும். வைரஸ் நோய் என்று நினைத்து மேலும் மருந்து அடிப்பது அடுத்த தவறு. கோளாறான கிளையை நல்ல தண்டு வரை வெட்டிவிட்டு, உரம் எதுவும் போடாமல், தண்ணீர் மட்டும் விட்டுக் காத்திருங்கள். லேசாகப் பட்டிருந்தால் தேறிவிடும். பூச்செடிக்கென்று தனிப் பம்பு வைத்துச் சிவப்புப் பெயிண்டில் அடையாளம் போடுங்கள். வேலிக்கு அப்பால் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கிற நாளில் செடியைச் சாக்கால் மூடி, முடிந்தவுடன் எடுத்துவிடுங்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் பழைய போத்தல் வீட்டில் கிடந்தால் தொடாதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் அது மலேசியாவில் தடைசெய்யப்பட்ட விஷம்.

தண்ணீரைக் காலையில் அடிமண்ணில் ஊற்றுங்கள். வேலை முடிந்து வந்து சாயங்காலம் இலையோடு சேர்த்து நனைப்பதுதான் கரும்புள்ளிக்கு வெற்றிலைபாக்கு வைப்பது. கரும்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் புக ஏழு மணி நேர ஈரம் தேவை. மாலையில் நனைத்த இலை விடிய விடிய ஈரமாகவே இருக்கும். புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் பச்சையாகாது. அதைப் பறியுங்கள், உதிர்ந்ததையும் பொறுக்கி மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்கள்; அடியில் விட்டால் மழைத்துளி தெறித்து வித்து மேலேறும். சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

காலையில் இலையெல்லாம் சல்லடையாக இருந்தும் பூச்சி ஒன்றுமே கண்ணில் படாவிட்டால், அது இரவில் வரும் பழுப்பு வண்டு. பகலில் மண்ணுக்குள் இருக்கும். காலையில் மருந்து அடிப்பதால் சாவது நல்ல பூச்சிகள்தான். இருட்டிய பின், எட்டு மணி வாக்கில், டார்ச்சும் சோப்புத் தண்ணீர் நிரப்பிய டப்பாவும் எடுத்துப் போங்கள். டப்பாவை இலைக்கடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் வண்டு அப்படியே விழும். நாலைந்து இரவு விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும்.

கவாத்துக்கு, அதாவது கிளை வெட்டிவிடுவதற்கு, குளிர்நாட்டு அட்டவணையைப் பார்க்காதீர்கள். அங்கே பனிக்காலத்தில் தூங்கும் செடியை முழங்கால் உயரத்துக்கும் கீழே வெட்டுவார்கள். இங்கே செடி தூங்குவதில்லை. அப்படி வெட்டினால் இலையில்லாமல் தவிக்கும். மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். உள்ளே குறுக்கிடும் மெல்லிய குச்சிகளை அடியோடு எடுத்துவிட்டு, மற்றதை வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டுங்கள். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஒட்டுச் செடியாக இருந்தால், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தண்டை வெட்டாமல் பிறந்த இடத்திலிருந்தே பிய்த்தெடுங்கள். வெட்டினால் இரண்டாய்த் துளிர்க்கும். வெட்டிய நாளிலிருந்து பூ வர ஆறு ஏழு வாரம் ஆகும். தீபாவளிக்கு வாசலில் சிவப்பாய்ப் பூத்து நிற்க வேண்டுமானால், பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி 45 நாள் எண்ணிக் கத்தரியை எடுங்கள்.