ஜெர்மன் மின்னிசையின் தொடக்ககால ஆல்பங்களை நெல்லையிலிருந்து கேட்பது எப்படி?

ஜெர்மன் மின்னிசையின் முன்னோடிகளைக் கேட்க விரும்புகிறவர்கள், முறைப்படி முதலிலிருந்தே தொடங்குவோம் என்று 1970-ஆம் ஆண்டு ஆல்பங்களை எடுத்தால், இரண்டாவது ஆல்பத்திலேயே சலித்துப்போக வாய்ப்பு உண்டு. பெர்லினைச் சேர்ந்த டேஞ்சரின் ட்ரீம் குழுவின் முதல் ஆல்பத்துக்கு ‘எலெக்ட்ரானிக் மெடிடேஷன்’ என்று பெயர். ஆனால் மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர் என்ற கருவியே அதில் கிடையாது. கிட்டாரும் செல்லோவும் ஆர்கனும் டிரம்ஸும்தான் முட்டி மோதுகின்றன. ஆகவே 1974-இல் தொடங்கி, அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் செல்லுங்கள் என்பதே என் யோசனை. இயந்திரமே தாளத்தைச் சுமக்கும் இசை அந்த ஆண்டில் முழு உருவம் பெற்றுவிட்டது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது காதுக்குப் பழகிய பிறகு, அதற்கு முந்தைய தடுமாற்றங்கள் தாமாகவே சுவைக்கத் தொடங்கும்.

முதலில் கேட்கும் ஏற்பாட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த இசையின் பாதி உயிர் அடிச்சுரங்களில் இருக்கிறது. செல்போனின் சிறிய ஸ்பீக்கரில் அந்தப் பாதி காணாமலே போய்விடும் என்பதால், விலை குறைந்ததாயினும் காதை நன்றாக மூடும் ஒரு ஹெட்போன் அவசியம். நம் பக்கத்துக் கோடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் விசிறியின் உறுமலும் இந்த ஆல்பங்களின் மெல்லிய பகுதிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, இரவு அடங்கிய நேரத்தில் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்கலாம். ஊரில் கோயில் கொடை நடக்கும் நாள்களில் குழாய் ஸ்பீக்கர்களோடு போட்டி போட வேண்டாம், கொடை முடியட்டும். இருபது நிமிடம் நீளும் ஒரு பாடலின் நடுவே விளம்பரம் குறுக்கிட்டால் அதுவரை கட்டியெழுப்பிய அனைத்தும் சரிந்துவிடும் என்பதால், முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கம் கிராஃப்ட்வெர்க் குழுவின் ‘ஆட்டோபான்’ (1974). ஜெர்மன் மொழியில் விரைவு நெடுஞ்சாலை என்று பொருள். டுசெல்டார்ஃப் நகரத்து ரால்ஃப் ஹுட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும், கோனி பிளாங்க் என்ற ஒலிப்பதிவாளரின் துணையோடு செய்த ஆல்பம் இது. இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் ஒரே பாடல். 22 நிமிடங்களுக்கு மேல் ஓடும். கார்க் கதவு சாத்தப்படுகிறது, எஞ்சின் உயிர் பெறுகிறது, ஹாரன் ஒலிக்கிறது, வண்டி கிளம்புகிறது. இதை முதல்முறை கேட்பதற்கு நம் மாவட்டத்திலேயே பொருத்தமான இடம் உண்டு: நாகர்கோவிலை நோக்கிப் போகும் நான்குவழிச் சாலை. நீங்கள் ஓட்டாமல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஊரைத் தாண்டியதும் போட்டுவிட்டால், நான்குநேரியை நெருங்கும் நேரத்தில் பாடல் முடியலாம். வீடு திரும்பியதும் மறுபடி ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள். புல்லாங்குழலும் கிட்டாரும் இயந்திர ஒலிகளுக்கு இடையே இன்னும் உயிரோடு இருப்பதை அப்போதுதான் கவனிப்பீர்கள். மூன்று நிமிடச் சொச்சமாக வெட்டப்பட்டு 1975-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் புகழ்பெற்ற வடிவமும் ஒன்று உண்டு. அதைக் கேட்டுவிட்டு முழுப் பாடலைக் கேட்டதாக எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது, அதே ஆண்டில் வந்த டேஞ்சரின் ட்ரீமின் ‘ஃபெய்ட்ரா’. அவசரமில்லாமல் பலமுறை கேட்க வேண்டியது இதுதான். எட்கர் ஃப்ரோசே, கிறிஸ்டோபர் ஃப்ராங்கே, பீட்டர் பௌமான் ஆகிய மூவரும் 1973-இன் இறுதியில் இங்கிலாந்தின் மேனர் ஸ்டுடியோவில் இதைப் பதிவு செய்தார்கள். தலைப்புப் பாடலில் ஃப்ராங்கே கையாளும் சீக்வென்சர் என்ற கருவி, முன்கூட்டியே குமிழ்களைத் திருகி அமைத்த சில சுரங்களை ஓயாமல் சுழற்றி ஒலிக்கச் செய்கிறது. அடியில் துடித்துக்கொண்டே போகும் அந்தச் சுழற்சியை மட்டும் முதல்முறை பின்தொடருங்கள். அக்காலத்து மூக் நிறுவனச் சிந்தசைசரின் சுருதி, அறையின் வெப்பம் சற்று மாறினாலே நகர்ந்துவிடும் இயல்புடையது. அப்படி நகர்ந்ததையும், அதைக் கையால் சரிப்படுத்தியதையும் நீக்காமல் அப்படியே பதிவில் விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் குளிர்காலத்திலேயே இந்தப் பாடு என்றால், பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலில் அந்தக் கருவி என்ன பாடுபட்டிருக்குமோ! இரண்டாம் முறை கேட்கும்போது சுருதி எங்கே வழுகுகிறது என்று தேடுங்கள். கண்டுபிடித்துவிட்டால் இந்த ஆல்பம் உங்களுடையதாகிவிடும். மூன்றாம் முறை, மறுபக்கத்தில் மெலோட்ரான் என்ற கட்டைக்கருவி இழைத்துச் செல்லும் நீண்ட பாடலுக்குச் செல்லலாம். அந்தக் கருவியின் ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு துண்டு ஒலிநாடா இருக்கிறது. கட்டையை அழுத்தினால் அதில் பதிந்துள்ள வயலின் ஒலி சில வினாடிகளுக்கு மட்டும் ஓடும்.

கிளஸ்டர் என்ற குழுவின் ‘ட்சுக்கர்ட்சைட்’டும் 1974-ஐச் சேர்ந்ததே. சிறுசிறு பாடல்கள், தாள இயந்திரத்தின் துள்ளல். விளக்கம் எதுவும் தேவையில்லை.

இனிப் பின்னோக்கி நடக்கலாம். கிராஃப்ட்வெர்க்கின் முதல் மூன்று ஆல்பங்களையும் அவர்கள் முறைப்படி மறுவெளியீடு செய்யவே இல்லை. இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பழைய இசைத்தட்டுகளிலிருந்து யாராரோ எடுத்தவை. கீறல் ஒலியும், சில வேளைகளில் வேகப் பிசகும் இருக்கும். ஒன்றுக்கு இரண்டு பிரதிகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். 1972-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் டிரம்ஸ் வாசிப்பவரே இல்லை. முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த கிளாஸ் டிங்கர் அதற்குள் விலகி, நொய் என்ற குழுவைத் தொடங்கியிருந்தார். அந்த வெற்றிடத்தை ஒரு தாளப் பெட்டி நிரப்புகிறது. ‘ஆட்டோபான்’ வருவதற்கான கதவு அங்கேதான் திறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொப்போல் வூ குழுவின் ஃப்ளோரியன் ஃப்ரிக்கே, பெரிய மூக் கருவியை அரிதாகச் சிலரே வைத்திருந்த காலத்தில் அதைக் கொண்டு ‘அஃபென்ஷ்டுண்டே’ (1970) என்ற ஆல்பத்தைச் செய்தவர். நாகசுரத்தோடு ஒத்து பிடிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, நகராமல் நிற்கும் அதன் நீண்ட சுரங்கள் அந்நியமாக இராது: ஒத்தின் மேல் நாகசுரம் எப்போது எழும் என்று காத்திருப்பதைப்போல் காத்திருங்கள், ஆனால் இங்கே நாகசுரம் வராது. ஃப்ரிக்கே பின்னர் மின்கருவியை ஒதுக்கிவிட்டு, 1972-இல் ‘ஹோசியானா மந்திரா’வைப் பியானோ, கிட்டார், தம்புரா, பெண் குரல் ஆகியவற்றோடு பதிவு செய்தார். மின்னிசைப் பட்டியலில் அதைச் சேர்ப்பது முறையா என்று சிலர் கேட்கலாம். இவற்றுள் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒலிக்கவிடக்கூடிய ஆல்பம் அது ஒன்றுதான் என்பது என் பதில்.

கடைசியாகக் கடினமானவை. கிளாஸ் ஷுல்ட்சே என்ற இசைக்கலைஞரின் ‘இர்லிஷ்ட்’டை (1972) சிந்தசைசர் ஆல்பம் என்று நினைத்து அணுகாதீர்கள். பழுதான ஆம்ப்ளிஃபயர், மாற்றியமைத்த ஆர்கன், இசைக்குழுவின் ஒத்திகையைப் பதிவு செய்து தலைகீழாக ஓட்டிய நாடா ஆகியவற்றால் ஆனது அது. டேஞ்சரின் ட்ரீமின் ‘ட்சைட்’ (1972) நான்கு செல்லோக்களோடு தொடங்கி, தாளமே இல்லாமல் நான்கு பகுதிகளாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஓர் இரவுக்கு ஒரு பகுதி போதும். கிளஸ்டரின் 1971 ஆல்பத்தில் பாடல்களுக்குப் பெயரே கிடையாது, நிமிடக்கணக்குதான் தலைப்பு; அதனால் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குழு தன் பெயரை C-க்குப் பதிலாக K என்ற எழுத்தில் தொடங்கி எழுதிக்கொண்டு, மூவராக இருந்தபோது வந்த ‘க்ளோப்ஃப்ட்சைஷென்’ ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஜெர்மன் மொழியில் சமய உரை ஒன்று வாசிக்கப்படுகிறது. மொழி தெரியாதவர்களின் கவனம் அந்தக் குரலிலேயே சிக்கிக்கொள்ளும் என்பதால், குரலே இல்லாத இரண்டாம் பக்கத்தை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு முதல் பக்கத்துக்கு வாருங்கள்.