ரூட்டைப் பேஸுக்கு விடுங்கள்: பில் எவன்ஸ் பாணியில் இடக்கை

ராயபுரத்துத் தேவாலயக் கொயரிலோ பெரம்பூர் மெல்லிசைக் குழுவிலோ கீபோர்டு வாசித்துப் பழகியவர், ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் பாணியைக் கற்க விரும்பினால், முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இடக்கைப் பழக்கம். நாம் எந்தக் கார்டைப் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுதி) பிடித்தாலும் சுண்டுவிரல் ரூட்டைத்தான், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் அடிப்படைச் சுரத்தைத்தான், தேடிப் போகும். மேற்கத்தியச் செவ்வியல் இசையை முறையாகப் பயின்றவரும், 1958இல் மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தவருமான எவன்ஸோ, ரூட்டைக் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கலைஞரிடம் ஒப்படைத்துவிட்டு, கார்டுக்குக் குணம் தரும் சுரங்களை மட்டும் நெருக்கமாகப் பிடித்தார்.

முதலில் கீபோர்டின் தானியங்கி ரிதத்தை அணைத்துவிடுங்கள். ரூட் இல்லாத கார்டை அந்தக் கருவி தவறாகப் புரிந்துகொண்டு வேறொரு பேஸை வாசிக்கும். சுருதியை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானையும் சுழியத்தில் வையுங்கள். மேடையில் பாடகரின் சுருதிக்கு நம்மைக் காப்பாற்றிய அந்தப் பொத்தான்தான் பன்னிரண்டு சுருதிகளையும் கற்கவிடாமல் நம்மைக் கெடுத்தது என்பது என் எண்ணம். விரலின் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் டச் வசதி அவசியம்; அது இல்லாத கருவியில் மேல் சுரத்தை மட்டும் சற்று அழுத்தி வாசிக்கும் எவன்ஸின் நயம் கைகூடாது.

இனி, நடு சி-க்குக் கீழுள்ள எஃப்-இல் தொடங்கி எஃப், ஏ, சி, ஈ பிடித்தால், ரூட்டான டி-யைப் பேஸ் வாசிப்பதாகக் கொண்டு, அது டி மைனர் செவன்த். சி-யை மட்டும் பி-க்கு இறக்கினால் ஜி செவன்த். பி-யை அப்படியே வைத்து, மற்ற மூன்று விரல்களையும் ஒரு படி இறக்கி ஈ, ஜி, பி, டி பிடித்தால் சி மேஜர் செவன்த். கை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க, மூன்று கார்டுகள் கடந்துவிடும். இதைத் தினமும் ஒரு சுருதியில், மெதுவாக, வாசித்துப் பாருங்கள். எவன்ஸ் கட்டைகளின் மேல் கவிழ்ந்து உட்காருவதை மட்டும் பின்பற்ற வேண்டாம், முதுகுவலிதான் மிஞ்சும்.

1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு ஜாஸ் கிளப்பில் பதிவான அவருடைய மூவர் குழுவின் வாசிப்பையும் கேளுங்கள். ஸ்காட் லாஃபாரோவின் பேஸ் வெறுமனே ரூட்டைத் தாங்காமல் பியானோவுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே போகும். பதினொரு நாளில் லாஃபாரோ கார் விபத்தில் இறந்தார். எவன்ஸ் பல மாதங்கள் மேடையேறவில்லை.

விரல்கள் பழகியபின் கொயரின் பேஸ் கிடார் நண்பரை அழையுங்கள். நீங்கள் எஃப், ஏ, சி, ஈ-யைப் பிடித்திருக்க, அவர் டி-க்குப் பதில் எஃப் மீட்டட்டும். உங்கள் விரல் அசையாமலே கார்டு எஃப் மேஜர் செவன்த் ஆகிவிடும்.