முழங்காலுக்குக் கீழே இரத்தம் போகும் வழி: உங்கள் காலைத் தொட்டே படிக்கலாம்

படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்த தமனிப் பெயர்கள் இரண்டே நாளில் மறந்துவிடும். விரலால் தேடிக் கண்டுபிடித்த நாடி மறக்காது. அதனால் செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். பாதம் சில்லென்று இருந்தால் முதலில் சூடேறட்டும். குளிரில் தமனிகள் சுருங்கி நாடி மங்கிவிடும்.

கட்டைவிரலால் நாடி பார்க்க வேண்டாம். அதிலேயே துடிப்பு பலமாக இருப்பதால், இன்னொருவர் காலைப் பார்க்கும்போது உங்கள் துடிப்பை அவருடையதாக எண்ணிவிடுவீர்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும்.

படி 1: முழங்காலை லேசாக மடக்கி, இரு கை விரல்களையும் பின்குழிக்குள் ஆழமாக அழுத்துங்கள். தொடையிலிருந்து இறங்கும் தமனி இங்கே பாப்லிட்டியல் தமனி என்று பெயர் பெறுகிறது. தோலுக்கு அருகே நரம்பு, அடுத்துச் சிரை, எலும்பை ஒட்டித் தமனி. இவ்வளவு ஆழத்தில் இருப்பதால் பலருக்கு முதல் முறை கிடைக்காது. அடுத்த படிக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். முழங்கால் மூட்டு விலகினால் இந்தத் தமனியும் கிழியக்கூடும் என்பதற்கு எலும்போடுள்ள அந்த நெருக்கமும் ஒரு காரணம்.

படி 2: பின்குழிக்குச் சற்றுக் கீழே தமனி இரண்டாகப் பிரிகிறது. முன் டிபியல் தமனி, டிபியா (முன்னங்காலின் பெரிய எலும்பு), ஃபிபுலா (அதற்கு வெளிப்பக்கமுள்ள மெல்லிய எலும்பு) இரண்டுக்கும் இடையிலுள்ள சவ்வின் மேல்விளிம்பைத் தாண்டி முன்பக்கம் வருகிறது. பின் டிபியல் தமனி கெண்டைக்காலின் ஆழத்திலேயே இறங்குகிறது. இந்தப் பிரிவைத் தொட முடியாது, மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

படி 3: கால் பெருவிரலை மேல்நோக்கித் தூக்குங்கள். புறங்காலில் ஒரு தசைநாண் கயிறுபோல் எழும்பும். அதற்குச் சுண்டுவிரல் பக்கமாக, புறங்காலின் நடுவில் விரல்களை வைத்து, பெருவிரலைத் தளர்த்துங்கள். மெல்லத் தொடுங்கள், அழுத்தினால் தமனி நசுங்கித் துடிப்பு மறைந்துவிடும். முன் டிபியல் தமனிதான் கணுக்காலைக் கடந்ததும் இந்தப் புறங்கால் தமனியாகிறது. நல்ல ஆரோக்கியமுள்ள சிலருக்குப் பிறவியிலேயே இந்த நாடி கிடைப்பதில்லை. உங்களுக்கு வராவிட்டால் உடனே பயப்படாதீர்கள்.

படி 4: உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவிலுள்ள பள்ளம். பின் டிபியல் நாடி இங்கேதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, ஏனென்றால் உள்ளங்காலுக்கான இரத்தத்தின் பெரும்பகுதி இந்தக் குறுகிய வழியாகத்தான் போகிறது. இந்தத் தமனி உள்ளே போய் இரண்டாகப் பிரிந்து, வெளிக்கிளை புறங்கால் தமனியின் கிளையோடு வளைவாக இணைகிறது. ஒரு வழி அடைபட்டாலும் மறுவழியில் விரல்களுக்கு இரத்தம் போக இந்த இணைப்பு உதவுகிறது.

பெரோனியல் தமனி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. பின் டிபியல் தமனியிலிருந்து கிளைத்து ஃபிபுலாவை ஒட்டி ஓடுகிறது. தொட்டுப் பார்க்க வழியில்லை. தாடையைச் சீரமைக்க ஃபிபுலாவின் ஒரு துண்டை எடுக்கும்போது, அந்த எலும்பு உயிரோடிருக்க இந்தத் தமனியையும் சேர்த்தே எடுக்கிறார்கள்.

படி 5: பெருவிரல் நகத்தை வெளுக்கும்வரை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். ஏறக்குறைய 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் அடங்குகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9-க்குக் கீழே வந்தால் தமனி அடைப்பு இருக்கலாம். திடீரென்று கால் வெளுத்து, குளிர்ந்து, வலியோடு மரத்துப்போனால் நாடி தேடி நேரத்தை வீணாக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதமே காலை இழக்க வைத்துவிடும்.